நுரை பளிச், ஆள் மங்கல்: சர்ஃபிங் படங்களில் எங்கே தப்பு செய்கிறேன்?

கரைநண்டு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவன், கேள்வி கேட்பது இப்போதுதான். நான் பறவைகள் எடுத்துப் பழகியவன். பாய்கிற மீன்கொத்தியையே ஓரளவு பிடித்துவிடுகிறோம், பலகையில் நின்றுகொண்டு வருகிற மனிதனையா பிடிக்க முடியாது என்று கொஞ்சம் திமிரோடுதான் போனேன். மூக்குடைபட்டுத் திரும்பினேன்.

கையில் இருப்பது கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, விநாடிக்கு 8 படம் எடுக்கும், கூட 100-400 லென்ஸ். ஷட்டர் 1/800 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஆட்டோ, லென்ஸ் முழுத்திறப்பு, ஃபோக்கஸ் புள்ளிகள் எல்லாமே ஆன். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரை வரை நின்றேன். 1,140 படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பது தேறியது, அந்த ஒன்பதிலும் நாலு பேரிடம் காட்டக்கூடியது இரண்டுதான்.

பாதிக்கு மேல் முன்னால் உடைந்த நுரை ஊசி மாதிரி ஷார்ப்பாக இருக்கிறது, ஆள் மங்கல். ஒரே அலையில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றில் நுரை வெறும் வெள்ளைத்தாள், அடுத்ததில் எல்லாமே சாம்பல். ஒன்பது மணிக்கு மேல் எடுத்தவை எதுவுமே ஷார்ப்பாக இல்லை, கண்ணாடித் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிகிறது. இதையெல்லாம் தாண்டித் தப்பித்த படங்களில் ஆளின் முதுகுதான் தெரிகிறது. அலை நிஜத்தில் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, என் படத்தில் முழங்கால் உயரம்கூட இல்லை!

கரைக்கு வந்த ஒருவரிடம் திரையில் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றார். ஆனால் அனுப்பி வையுங்கள் என்று கேட்கவில்லை. அதிலேயே புரிந்துவிட்டது.

150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? இல்லை வேறு ஏதாவது தப்பா?

மூன்றாம்அலை:

லென்ஸ் வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி நீங்கள் நின்ற இடம்.

எல்லோரும் செய்வதையே நீங்களும் செய்திருப்பீர்கள்: ஆட்கள் கடலில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அதற்கு நேர் எதிரே கரையில் போய் நின்றிருப்பீர்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒன்றும் நடக்காது, அங்கே எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். ஆட்டம் எல்லாம் அங்கிருந்து பக்கவாட்டில் ஓடுகிற தூரத்தில் நடக்கிறது. அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி அந்த உடைப்பு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், சறுக்குகிறவர் அந்த உடைப்புக்குச் சற்று முன்னால், இன்னும் உடையாத சுவரில் ஓடுகிறார். நீங்கள் நேர் எதிரே நின்றால் அவர் உங்களை விட்டு விலகித்தான் போவார்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, முதலில் எனக்கும் இருந்தது. சர்ஃபர்கள் 'ரைட்' என்று சொல்கிற அலை, அவர்கள் கரையைப் பார்த்துச் சறுக்கும்போது அவர்களுடைய வலப்பக்கம் ஓடுகிற அலை. கரையில் நின்று கடலைப் பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம் ஓடும். அடுத்தது கால். இடது கால் முன்னால் வைத்து நிற்பவர் ரெகுலர், வலது கால் முன்னால் வைப்பவர் கூஃபி. ரெகுலர் ஆள் ரைட் அலையில் ஓடினால் அவர் நெஞ்சு அலையைப் பார்த்திருக்கும், முதுகு கரைக்கு. அதே அலையில் கூஃபி ஆள் வந்தால் அலைக்கு முதுகு காட்டிக்கொண்டு நெஞ்சைக் கரைக்குக் காட்டுவார். நீங்கள் முதுகுகளாக எடுத்து வந்ததற்குக் காரணம் இதுதான், உங்கள் கைராசி இல்லை.

சரி, எல்லோரையும் காலை மாற்றி நிற்கச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கால் முன்னால் இருந்தாலும் கண் போகிற திசையில்தான் இருக்கும். அதனால் அலை ஓடுகிற திசையில் கரையோரமாகவே நாற்பது ஐம்பது அடி எடுத்து வைத்துப் போய், ஆள் உங்களை நோக்கிச் சாய்வாக வருகிற மாதிரி நில்லுங்கள். முகம் கிடைக்கும், அலையின் சுவர் கிடைக்கும், அவருக்குப் பின்னால் சுருண்டு விழுகிற உடைப்பும் கிடைக்கும்.

கேமராவை எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. நான் இப்போதும் அதைத்தான் செய்கிறேன். அலைகள் தனித்தனியாக வருவதில்லை, நாலைந்து பெரியவை கூட்டமாக வரும், அதைத்தான் செட் என்கிறோம், அப்புறம் சில நிமிடங்கள் கடல் தூங்கும். அநேகமாக முதல் அலைக்கு அவசரக்காரர்கள் பாய்வார்கள், நன்றாகச் சறுக்குகிறவர்கள் இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ காத்திருப்பார்கள். என் பெயர் அப்படி வந்ததுதான். அலை எந்த இடத்தில் உடைகிறது என்பதும் சும்மா மாறாது: தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்குக்குக் குறையும்போது அது நிற்க முடியாமல் விழும். அடியில் இருக்கிற மணல்மேடோ பாறையோ அங்கேயே இருக்கும்வரை உடைகிற இடமும் அங்கேயே இருக்கும், ஓதம் ஏற இறங்கக் கொஞ்சம் தள்ளும். கால் மணி நேரத்தில் இது மனதில் வரைபடமாகிவிடும். உங்கள் மீன்கொத்திக்கும் எந்தக் கிளை என்று தெரிந்த பிறகுதானே உட்கார்ந்தீர்கள்?

ஸ்டாண்ட்_வேண்டாம்:

மூன்றாம்அலை சொன்னதற்கு மேல் இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் கேமராவுக்குள் போகிறேன்.

முதலில் 1/800. சறுக்குகிறவர் விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1/800 விநாடியில் அவர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். 1/2000 என்றால் 4 மில்லிமீட்டர். நீங்களும் கூடவே லென்ஸைத் திருப்புகிறீர்கள் என்பதால் உடம்பு தப்பித்துவிடலாம், ஆனால் கையும் பலகையின் முனையும் தெறிக்கிற தண்ணீரும் உடம்போடு ஒரே வேகத்தில் போவதில்லை. 1/1600-க்குக் கீழே இறங்காதீர்கள், வெயில் இருந்தால் 1/2000.

அடுத்தது லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தது. 400 மி.மீ.யில் நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஆளுக்கு, உங்கள் கிராப் சென்சாரில் லென்ஸ் துளையை எஃப் 5.6-இல் வைத்தால் முன்னும் பின்னுமாக மொத்தம் சுமார் 14 மீட்டர் ஷார்ப்பாக இருக்கும். துளையைச் சுருக்கி எஃப் 8 என்றால் 20 மீட்டர். ஆக, அவர் பலகையிலிருந்து தெறிக்கிற தண்ணீரில் ஃபோக்கஸ் விழுந்தால்கூட ஆள் தப்பிக்க வேண்டும். தப்பிக்கவில்லை என்றால் ஃபோக்கஸ் விழுந்தது அங்கே இல்லை, அவருக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்னால் கரைப்பக்கம் உடைந்து வருகிற பழைய அலையின் நுரையில். எல்லாப் புள்ளிகளையும் ஆன் செய்து வைத்தால் கேமராவுக்கு அதுதான் பிடிக்கும். கிட்டே இருக்கிறது, வெளுப்பாக இருக்கிறது, கோடுகோடாக இருக்கிறது, அதற்கு வேறென்ன வேண்டும்?

நடுவில் ஒரு சிறிய கூட்டம் புள்ளிகளை மட்டும் வையுங்கள். ஒற்றைப் புள்ளி வேண்டாம், ஆளின் மேல் நிறுத்திவைக்கவே உயிர் போகும். ஆள் நகர நகர ஃபோக்கஸும் கூடவே நகர்கிற கன்டினியூவஸ் மோடு. அப்புறம் மெனுவில் டிராக்கிங் எவ்வளவு சீக்கிரம் புது ஆளுக்குத் தாவ வேண்டும் என்று ஒரு அளவு இருக்கும், அதை மந்தமான பக்கம் தள்ளுங்கள். பறவைக்கு நீங்கள் அதை வேகமாக வைத்திருப்பீர்கள், அதே செட்டிங்கோடு கடலுக்கு வந்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். ஒரு நுரைத்திரை ஆளை மூடித் திறக்க அரை விநாடிகூட ஆகாது, அதற்குள் கேமரா தாவாமல் பொறுத்திருந்தால் போதும். ஃபோக்கஸைப் பின்பக்க பட்டனுக்கு மாற்றி, அவர் படுத்துக்கொண்டு கையால் துடுப்புப் போடும்போதே பிடித்துவிடுங்கள். எழுந்த பிறகு தேடினால் பாதி அலை போய்விடும்.

வெளிச்சம் ஏன் குதித்தது என்றால், ஃப்ரேமில் இருண்ட தண்ணீர் நிறைய இருக்கும்போது கேமராவின் ஒளி மீட்டர் படத்தை வெளுக்க வைக்கிறது, நுரை விவரமெல்லாம் போய் வெள்ளைத்தாள் ஆகிறது. அடுத்த நொடி நுரை ஃப்ரேமை நிரப்பினால் பயந்துபோய் இருட்டாக்குகிறது. வெயில் மாறவே இல்லை, மாறியது ஃப்ரேமுக்குள் இருக்கிற வெள்ளை மட்டும். மேனுவலுக்குப் போங்கள். மேகமில்லாத வெயில், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் என்றால் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600. மீட்டர் இல்லாமல் வெயிலை வைத்தே அளவு போடுகிற ஃபிலிம் காலத்து 'சன்னி 16' கணக்குதான் இது. நுரைக்காக ஒரு சொட்டுக் குறைத்து 1/2000 வையுங்கள், ராவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள், ஆளின் முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். போன நுரை வராது.

ஒன்பது மணி நெளிவு பற்றி வேறு யாராவது எழுதுவார்கள், எனக்கு வேலை இருக்கிறது.

ஈரமணல்:

மேனுவல் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. துண்டு துண்டாக மேகம் ஓடுகிற நாளில் மேனுவலில் நின்றுகொண்டிருந்தால் ஒரு செட் முழுக்கக் காலியாகிவிடும், எனக்கு நடந்திருக்கிறது. அந்த மாதிரி நாளில் ஷட்டரையும் துளையையும் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மீட்டரை ஹைலைட் (படத்தின் மிக வெளுப்பான பகுதி) பார்த்து அளக்கிற மோடில் வைக்கிறேன். எல்லாக் கேமராவிலும் அது இல்லை. இல்லாதவர்கள் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து வைத்துப் பிழைக்க வேண்டியதுதான். மேகமே இல்லாத நாளுக்கு ஸ்டாண்ட்_வேண்டாம் சொன்னதுதான் சரி.

நெளிவுக்கு வருகிறேன். அது லென்ஸ் குறையோ ஃபோக்கஸ் குறையோ இல்லை, காற்று. மணல் சூடேறி அதன் மேல் இருக்கிற காற்று கொதிக்கிறது, தார்ச்சாலையில் கானல் தெரிகிற மாதிரியேதான். 600 மி.மீ. வாங்கினால் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கித் தரும். செய்யக்கூடியது இரண்டுதான். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவது ஒன்று. மற்றது, மணல் மேட்டின் மேல் நிழலாகப் பார்த்து நிற்காமல் இறங்கித் தண்ணீர் விளிம்புக்கே போய்விடுவது. உங்களுக்கும் ஆளுக்கும் நடுவில் சூடான மணல் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் படம் தெளியும். நான் ஒரு தடவை முப்பது அடி முன்னால் போய் நின்றதிலேயே வித்தியாசம் பார்த்தேன்.

காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியலில் பெரும்பாலும் நிலக்காற்று, கரையிலிருந்து கடலுக்கு வீசும். அது அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறது, லிப்பிலிருந்து, அதாவது அலையின் மேல் விளிம்பிலிருந்து, நீர்த்துளிகளைப் பின்னால் சீவி எறிகிறது. வெயில் ஏறக் காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கினால் அலை கலைந்த தலைமுடி மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு எடுத்து என்ன செய்ய?

கரைநண்டு:

அண்ணன்மார்களே, ஆமாம், பறவை செட்டிங் அப்படியே இருந்தது. பந்தயத்தில் தோற்றேன். மணல்மேட்டு நிழலில் நின்றதும் உண்மை, யாரோ பார்த்துவிட்டு எழுதுகிற மாதிரியே இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். நான் போன இடத்தில் காலைச் சூரியன் கடல் பக்கம்தான் வருகிறது. முகமெல்லாம் கருப்பாகத்தான் வந்தது. அப்போது சீக்கிரம் போய் என்ன பயன்? சாயங்காலம்தான் போக வேண்டுமா?

இன்னொன்று, என்னிடம் ஆக்‌ஷன் கேமரா ஒன்று சும்மா கிடக்கிறது. நீச்சல் ஓரளவு தெரியும். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் எப்படி?

மூன்றாம்அலை:

சூரியன் கடல் பக்கம் இருந்தால் முகத்தை மறந்துவிடுங்கள், அலையை எடுங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அலை எழுந்து மெலிகிற அந்த ஒரு நொடி, லிப் வழியாக வெளிச்சம் ஊடுருவி முழுச் சுவரும் பச்சைப் பாட்டில் மாதிரி எரியும், அதன் குறுக்கே ஆளின் கருப்பு உருவம். முன்வெளிச்சத்தில் இது கிடைக்கவே கிடைக்காது. ஆனால் உருவமாக எடுக்கும்போது கைகால் உடம்போடு ஒட்டியிருக்கிற நொடி உதவாது. கை விரிந்து, முழங்கால் மடங்கி, பலகை தனியாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு கருப்பு மூட்டை. மேற்குப் பார்த்த கடல் என்றால் எல்லாம் தலைகீழ், காலையில் முன்வெளிச்சம், மாலையில் இந்தப் பச்சை.

தண்ணீருக்குள் போவதைப் பற்றி இங்கே என்னைவிடத் தெரிந்தவர் இருக்கிறார், வருவார்.

உப்புத்தோல்:

கூப்பிட்ட மாதிரி இருந்தது, வந்துவிட்டேன்.

"நீச்சல் ஓரளவு தெரியும்" என்ற வரியைப் படித்ததுமே எழுத உட்கார்ந்தேன். கரைநண்டு, போகாதீர்கள். குளத்து நீச்சல் வேறு, அலை உடைகிற இடத்தில் ஒரு கையில் கேமராவோடு துடுப்புக்காலணி மாட்டிக்கொண்டு மிதப்பது வேறு. கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் எல்லாம் ஏதோ ஒரு சந்து வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும், அந்த ஓட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியேற வேண்டும். இது படித்தால் போதாது, உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு பலகையின் அடியில் இருக்கிற துடுப்புகள் கத்திக்குச் சமம். தண்ணீரில் நாம்தான் வழிவிட வேண்டும். சறுக்கிக்கொண்டு வருகிறவர் நம்மைச் சுற்றிப் போவார் என்று நம்பினால் தையல்தான். முதலில் கேமரா இல்லாமல் பலகை எடுத்துக்கொண்டு ஒரு சீசன் உள்ளே இருங்கள். அப்புறம் பார்க்கலாம்.

ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் ரொம்ப அகலம். பத்து மீட்டர் தள்ளி ஒருவர் வந்தாலே எறும்பாகத் தெரிவார். பலகை முனை இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்தால்தான் படம். அதாவது சறுக்குகிறவரும் நீங்களும் ஒருவரையொருவர் நம்புகிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

நீர்புகா உறை வாங்கிப் பெரிய கேமராவோடு போகிறவர்களுக்கு என் சொந்தக் கதை. இரண்டாவது தடவை போனபோதே என் உறைக்குள் தண்ணீர் போனது. காரணம் ஓ-ரிங்கில் (தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம்) ஒட்டியிருந்த ஒற்றை மயிரிழை. கரையில், காற்றில், அவசரத்தில் மூடினேன். வெளியே வந்து பார்த்தால் உள்ளே ஒரு டம்ளர் கடல். அன்றிலிருந்து வீட்டிலேயே, விளக்கு வெளிச்சத்தில், விரலால் தடவிப் பார்த்து மூடுகிறேன். அதன் பிறகு கடற்கரையில் திறப்பதே இல்லை, கார்டு நிறைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். புது உறை என்றால் உள்ளே கேமரா வைக்காமல் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் போட்டு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

உறையின் கண்ணாடியில் நீர்த்துளி நின்று படம் கெடும் என்று ஏதேதோ தெளிப்பான்கள் விற்கிறார்கள். அலைப் படக்காரர்கள் செய்வது எளிது: நாக்கால் நக்கிவிட்டுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். எச்சில் படர்ந்த கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் ஏடாகப் பரவிவிடும். அசிங்கம்தான், வேலை செய்கிறது.

பின்கால்_பிரியா:

நான் படம் எடுப்பவள் இல்லை, படத்தில் இருப்பவள். எல்லோரும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த ஆள் ஏன் "அனுப்புங்கள்" என்று கேட்கவில்லை என்று நான் சொல்கிறேன்.

எங்களுக்குப் படத்தில் நேரே நின்றுகொண்டு வருவதைப் பார்க்கப் பிடிக்காது. அது ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் நடுவில் ஓய்வெடுக்கிற நொடி, கை தொங்கும், பிட்டம் பின்னால் தள்ளியிருக்கும். நாங்கள் பார்க்க விரும்புவது எடை மாறுகிற இடம். கீழே இறங்கி வந்து அலையின் அடியில் பலகையின் ஓரத்தை அழுத்தி மேல்நோக்கித் திருப்புவோமே, பாட்டம் டர்ன், அதில் கை தண்ணீரைத் தொடும், கண் மேலே லிப்பைப் பார்க்கும். அப்புறம் மேலே போய் லிப்பில் அடித்துத் திரும்புகிற டாப் டர்ன், அதில் பலகையின் அடிப்பக்கம் முழுக்க வெளியே தெரிந்து பின்னால் விசிறி மாதிரி தண்ணீர் எழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடி சொச்சம்தான். நான் அடியில் அழுத்தும்போதே நீங்கள் அமுக்கத் தொடங்கினால் இரண்டும் கிடைக்கும். மேலே போனதைப் பார்த்த பிறகு அமுக்கினால் எனக்கு விழுகிற படம்தான் கிடைக்கும். விழுகிற படங்களும் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அலை முழங்கால் உயரம் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, நீங்கள் அநேகமாக நாங்கள் மேலே இருக்கும்போது எடுத்திருக்கிறீர்கள். ஆள் உச்சியில் நின்றால் அலை எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது. அதே அலையில் அடியில் குனிந்திருக்கும்போது எடுத்தால் தலைக்கு மேல் சுவர் நிற்கும். சும்மா இல்லை, பெரிய அலைகளின் உயரத்தை அளப்பவர்களே படத்தில் இருக்கிற ஆளின் உடல் அளவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. பலகையின் முனையை வெட்டாதீர்கள் தயவுசெய்து. என் முகம் மங்கினால்கூட மன்னிப்பேன்.

அப்புறம், படம் போடும்போது இடத்தின் பெயரைப் போடுவதற்கு முன் அங்கே சறுக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாலு பேர் அமைதியாகச் சறுக்குகிற இடம் அடுத்த வாரம் நாற்பது பேராகும். சின்னப் பிள்ளைகளை எடுத்தால் கூட வந்தவர்களிடம் கேளுங்கள், கடலோரத்தில் எல்லோரும் அரைகுறை உடையில் இருப்போம். கேட்டுவிட்டு எடுப்பவருக்கு நாங்களே திரும்பி வந்து சறுக்கிக் காட்டுவோம், நிஜமாக.

பழையஃபிலிம்:

பிரியா சொன்ன "முன்னாலேயே அமுக்குவது" பற்றி ஒன்று ஞாபகம் வந்தது. 2024 ஜூலை 29 அன்று பாரீஸ் ஒலிம்பிக்கின் சர்ஃபிங் போட்டி தஹிதித் தீவின் தியாஹுப்போவில் நடந்தபோது ஜெரோம் புரூய்யே எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும்: பிரேசிலின் கேப்ரியல் மெதினா ஆகாயத்தில் விரலை உயர்த்திச் செங்குத்தாக நிற்கிறார், பக்கத்திலேயே அவர் பலகையும் அதே மாதிரி செங்குத்தாக நிற்கிறது. 9.90 வாங்கிய அலை அது. அவர் அதைப் பக்கத்தில் இருந்த படகிலிருந்து எடுத்தார். அலையின் முதுகு மறைத்ததால் மெதினா சறுக்கியது அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அலை முடிந்ததும் பின்பக்கமாகத்தான் தாவி வெளியே வருவார், வரும்போது ஏதாவது செய்வார் என்று தெரியும். அங்கேயே காத்திருந்து எடுத்தது நாலே படம், அதில் ஒன்றுதான் இது. நம் கரைநண்டு எடுத்த எண்ணிக்கையை மறுபடி படித்துப் பார்க்கவும், கேலிக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலிதான்.

அளவு தெரிவதற்கு ஆளைத் தவிர வேறு வழியும் உண்டு. போர்ச்சுகலின் நசாரே அலைப் படங்களைப் பாருங்கள். முன்னால் கோட்டையும் சிவப்புத் தலையுள்ள கலங்கரை விளக்கமும், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஜனங்கள், பின்னால் மலை மாதிரி அலை. தொலைவிலிருந்து நீளமான லென்ஸில் எடுக்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி தெரியும். 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஸ்டூட்னர் அங்கே சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று உலக சாதனையாகப் பதிவானது. ஆனால் பாறையோ கோட்டையோ ஆளோ இல்லாமல் வெறும் தண்ணீரை எடுத்தால் அதுகூடக் குளத்து அலைதான். உங்கள் கரையில் ஒரு பாறை, ஒரு படகு, நடந்துபோகிற ஒரு ஆள், ஏதாவது இருக்கும். 400-லேயே நிற்காமல் 100-க்கும் வந்து பாருங்கள்.

கடைசியாக, ஷட்டரை வேகமாக வைப்பது மட்டுமே வழி இல்லை. இருட்டு விலகாத நேரத்தில் 1/30, 1/40 வைத்து ஆளோடு சேர்த்து லென்ஸை ஓட்டுங்கள், பேனிங் என்பது இதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குப்பை. மிச்சத்தில் தலை மட்டும் ஷார்ப்பாக நின்று கடல் முழுக்கக் கோடாக இழுபடும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர் இருந்தால் பேனிங் மோடில் போடுங்கள், சாதா மோடு உங்கள் கையோடு சண்டை பிடிக்கும்.

ஈரமணல்:

ஒன்று விட்டுப்போனது. ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு எடுங்கள். திரும்பி வந்ததும் உப்பைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கோடு விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் உலர்ந்த துணி. லென்ஸைக் கரையில் மாற்றவே மாற்றாதீர்கள்.

கரைநண்டு:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நேற்றுப் போனேன்.

முதல் இருபது நிமிடம் கேமராவை வெளியே எடுக்கவில்லை, கை அரித்தது. அலை என் இடப்பக்கம் ஓடுகிறது, ஆக அது ரைட். கரையோரமாக அந்தப் பக்கம் நடந்து தண்ணீர் கணுக்காலில் படுகிற இடத்தில் நின்றேன். 1/2000, எஃப் 8, நடுக்கூட்டப் புள்ளிகள், டிராக்கிங் மந்தம். சூரியன் எதிரே இருந்ததால் சன்னி 16 அங்கே வேலை செய்யவில்லை, நுரையைப் பார்த்துப் பார்த்து ஐஎஸ்ஓ 640-இல் நிறுத்தினேன். எட்டரைக்கே கிளம்பிவிட்டேன்.

மொத்தம் 212 படம். முன்னால் உடைந்த நுரையில் ஃபோக்கஸ் போனது எண்ணி ஏழு. பச்சைச் சுவர் ஒன்று கிடைத்தது, அதில் ஆள் இல்லை, நான் அலையைப் பார்த்து வாய்பிளந்து நின்றதில் ஆளை விட்டுவிட்டேன். பேனிங் முப்பது எடுத்தேன், முப்பதும் குப்பை. ஆனால் ஒரு பாட்டம் டர்ன் இருக்கிறது: ஒரு பெண், கூஃபி, கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, விரல்களுக்கு நடுவில் எழும் தண்ணீர் தனித்தனியாக நாலு கோடாகத் தெரிகிறது, கண் மேலே. லிப் அவர் தலைக்கு ஒரு முழம் மேலே. பலகை முனை, அக்கா, வெட்டவில்லை, ஆனால் ஃப்ரேம் விளிம்பை இடிக்கிறது.

அவர் கரைக்கு வந்ததும் திரையில் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கையை மணலில் துடைத்துவிட்டுத் தன் எண்ணைச் சொல்லத் தொடங்கினார், என்னிடம் எழுத எதுவும் இல்லை, ஈரமணலிலேயே விரலால் எழுதிப் படம் எடுத்துக்கொண்டேன்.

பின்கால்_பிரியா:

அந்தப் பெண் கையை மணலில் துடைத்தாளா! இங்கே போடுவதற்கு முன் அவளிடம் கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டுச் சீக்கிரம் போடுங்கள்.

ஸ்டாண்ட்_வேண்டாம்:

விளிம்பை இடித்தது என்றால் 400-இல் முட்டிக்கொண்டு எடுத்திருக்கிறீர்கள். அடுத்த தடவை 300-க்கு வாருங்கள், வெட்டுவதைப் பிறகு வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். 150-600 வேண்டுமா என்று இன்னும் கேட்கிறீர்களா?

கரைநண்டு:

இல்லை அண்ணா, இப்போது துடுப்புக்காலணி என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உப்புத்தோல்:

பலகை முதலில். கேமரா வீட்டில்.